வேலிக்கரை அப்பியாசம்

கஜந்தினி: ...நான் கேட்டது எங்கை நோகுதெண்டு, ஐயா. நீங்கள் கொப்பியைப் பாக்கிறியள்.

இளையதம்பி: எல்லாம் இதிலை ஒழுங்கா எழுதிக்கொண்டு வந்திருக்கிறன், பிள்ளை. திகதி, நேரம் எல்லாம் இருக்கு. வாசிக்கவோ?

கஜந்தினி: நோ இருக்கிறது கொப்பியிலையோ, உங்களிலையோ?

இளையதம்பி: ...இடுப்பிலை. இடது பக்கம்.

கஜந்தினி: கையை வைச்சுக் காட்டுங்கோ. இடுப்பு நோ எண்டு இந்தப் பிசியோதெரபி அறைக்கு வாற ஆக்களிலை பாதிப்பேர் கையை வைக்கிறது முதுகிலை. சிலபேர் முன்னாலை, கவட்டுப் பக்கம் வைப்பினம். அது உள்மூட்டு. பக்கத்திலை, இந்தப் புடைச்சு நிக்கிற எலும்பிலை வைச்சால் அது அனேகமாத் தசையும் தசைநாரும். மூண்டும் வேற வேற வருத்தம்.

இளையதம்பி: பக்கத்திலைதான். இந்த எலும்பைத்தான் கையாலை அமத்திப் பிடிக்கிறது.

கஜந்தினி: குத்துதோ, எரியுதோ, உளையுதோ?

இளையதம்பி: அது... எழுதேல்லை.

கஜந்தினி: எழுத வேண்டாம், சொல்லுங்கோ.

இளையதம்பி: உளைவெண்டு போடும்.

கஜந்தினி: போடும் எண்டால் நான் போடமாட்டன். சரி, கொப்பியை வாசியுங்கோ. ஒரு பக்கம் மட்டும்.

இளையதம்பி: ஆனி பன்னிரண்டு. காலமை ஆறு பத்து. கிணத்தடிக்குப் போகேக்கை மூண்டு தரம் நிண்டது. ஆனி பதின்மூண்டு. சைக்கிளிலை ஏற மதகுக் கட்டு தேவைப்பட்டது. இடது காலிலை நிண்டு மற்றக் காலைத் தூக்கிப் போட ஏலேல்லை. ஆனி பதினஞ்சு, பின்நேரம். பின்னாலை நிண்டு பாத்தால் இடது தோள் பதிஞ்சு பதிஞ்சு எழும்புது. தடி இடக்கையிலை...

கஜந்தினி: வடிவா எழுதியிருக்கிறியள். எங்களோடை படிச்ச பிள்ளையளும் இப்பிடி எழுதுறேல்லை.

இளையதம்பி: வயல் செய்யிற கமக்காரர் சங்கத்திலை பதினாறு வருசம் செயலாளர், பிள்ளை. ஒண்டையும் விட்டு எழுதிப் பழக்கமில்லை.

கஜந்தினி: இந்தக் கட்டிலிலை படுங்கோ. முழங்காலை மடக்குங்கோ. நான் பிடிச்சு மெல்ல உள்ளுக்குத் திருப்புறன்... நோகுதோ?

இளையதம்பி: இல்லை... ஓம்.

கஜந்தினி: இல்லையோ, ஓமோ?

இளையதம்பி: கொஞ்சம் நோகுது.

கஜந்தினி: நான் வலது காலைத்தான் பிடிச்சிருக்கிறன், ஐயா. எழும்பி இடது காலிலை மட்டும் நில்லுங்கோ. சுவரைப் பிடிக்கப்படாது. அந்தத் தசையிலை பழுது இருந்தால் அரை நிமிசத்துக்குள்ளை நோவெடுத்துக் காலைக் கீழை வைச்சிடுவியள்.

இளையதம்பி: இப்பிடியோ?

கஜந்தினி: ஓம்... நில்லுங்கோ... ஒரு நிமிசம் முடிஞ்சுது. இன்னும் நிக்கிறியள், கொக்கு மாதிரி.

இளையதம்பி: இறக்கவோ?

கஜந்தினி: இறக்குங்கோ. ஒரு கேள்வி. பின்னாலை நிண்டு பாத்தால் தோள் பதியுது எண்டு எழுதியிருக்கிறியள். உங்கடை முதுகை நீங்கள் என்னண்டு பாத்தியள்? ஆற்றை இடுப்பு, ஐயா?

இளையதம்பி: அண்ணையின்ரை.

கஜந்தினி: பேர்?

இளையதம்பி: முருகேசு. என்னிலும் நாலு வயசு மூப்பு. அறுபத்தொன்பது.

கஜந்தினி: அப்ப அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். எந்த ஊர்?

இளையதம்பி: வரணி. பக்கத்து வளவுதான். ஆனா... கதைக்கிறேல்லை.

கஜந்தினி: நோவெண்டால் கதைக்கலாம்தானே.

இளையதம்பி: பதினொரு வருசமாக் கதைக்கிறேல்லை, பிள்ளை. நடுவிலை ஒரு வேலி. ரெண்டு முழம் காணி அவற்றை பக்கமோ என்ரை பக்கமோ எண்டு துவங்கினது.

கஜந்தினி: இப்ப ஆற்றை பக்கம்?

இளையதம்பி: அது வேலிக்குத்தான் தெரியும்.

கஜந்தினி: இந்த நோ எப்ப துவங்கினது?

இளையதம்பி: மாசியிலை. வேலி அடைக்கேக்கை விழுந்தவர்.

கஜந்தினி: என்னண்டு விழுந்தவர்?

இளையதம்பி: ...விழுந்தவர்.

கஜந்தினி: ஏணியாலையோ?

இளையதம்பி: இல்லை, நிலத்திலைதான் நிண்டவர். வேலிக்கு நட்ட ஒரு கதியால் தடி ஆட்டமெடுத்துது. அதைப் பிடுங்கி நடேக்கை... பின்பக்கமாப் போய் இடது பக்கம் அடிபட விழுந்தவர்.

கஜந்தினி: எக்ஸ்ரே எடுத்தவையோ?

இளையதம்பி: எடுத்தவை. எலும்பு முறியேல்லையாம். ஆசுப்பத்திரியிலை அப்பியாசத்துக்கு வரச்சொன்னவை. ரெண்டு தரம் போனவர், பேந்து போகேல்லை. ஓட்டோ வைச்சிருக்கிற சிவதர்ஷன் சொன்னவன். இப்ப அஞ்சு மாசம்.

கஜந்தினி: காய்ச்சல், உடம்பு மெலியிறது, கால் விறைக்கிறது?

இளையதம்பி: அதுகள் இல்லை. ஆனா... வயலைக் குத்தகைக்குக் குடுக்கப் போறாராம். புரட்டாதி விதைப்புக்கு முன்னம். வரம்பிலை நடக்கேலாதவனுக்கு என்னத்துக்கு வயலெண்டு கேட்டவராம். பிள்ளை, அண்ணை வயலைக் குடுத்தால் அதோடை படுத்திடுவார். எனக்குத் தெரியும்.

கஜந்தினி: ஆரையும் விட்டுச் சொல்லுவிக்கலாமே.

இளையதம்பி: என்ரை வீட்டிலையிருந்து வந்த சொல்லெண்டு மணந்து பிடிச்சாரெண்டால், இருக்கிற நடையையும் விட்டுப்போடுவார்.

கஜந்தினி: அப்ப நான் என்ன செய்யிறது, ஐயா?

இளையதம்பி: அப்பியாசத்தை எனக்குப் பழக்கிவிடும். நான் வேலிக்கரையிலை பாயைப் போட்டுச் செய்யிறன், அவற்றை கண்ணிலை படக்கூடியதா.

கஜந்தினி: பாத்தால்?

இளையதம்பி: அண்ணைக்கு ஒரு குணம். நான் செய்யிற எதையும் தானும் செய்வார், ஒரு படி மேலை. நான் நாலு தறை நிலத்திலை வெங்காயம் வைச்சால் அவர் ஆறு. நான் வாசலுக்கு இரும்புப் படலை போட்டன். அடுத்த மாசம் அவர் சிங்கம் வைச்ச படலை போட்டவர்.

கஜந்தினி: அப்ப சிங்கம் வைச்சு அப்பியாசம் செய்வார் எண்டுறியள்.

இளையதம்பி: பகிடி விடாதையும், பிள்ளை. நான் யோசிச்சுத்தான் வந்தனான்.

கஜந்தினி: நான் பாக்காத ஆளுக்கு வைத்தியம் சொல்லேலாது. அது சரியில்லை. ஆனா உங்களுக்கும் அறுபத்தஞ்சு வயசு. இந்த வயசிலை ஆர் செய்தாலும் பிழை வராத நாலு விசயம் சொல்லித்தாறன், உங்களுக்கெண்டு. விளங்குதோ?

இளையதம்பி: விளங்குது. எழுதவோ?

கஜந்தினி: முதல் கேளுங்கோ. இடுப்புக்குப் பக்கத்திலை இருக்கிற தசைதான், நாங்கள் ஒரு காலிலை நிக்கேக்கை உடம்பைச் சரியவிடாமப் பிடிக்கிறது. விழுந்த நோவிலை ஆக்கள் அந்தப் பக்கம் பாரம் குடுக்காமப் பதுங்குவினம். பதுங்கப் பதுங்கத் தசை இளகிப்போம். இளகினால் இன்னும் நோகும். அதுதான் தோள் பதியுது. படுத்துக்கிடந்து மாறுற வருத்தமில்லை இது.

இளையதம்பி: அண்ணை படுத்துத்தான் மாத்தலாமெண்டு நினைக்கிறார்.

கஜந்தினி: முதலாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி அஞ்சு எண்ணி இறக்கிறது. ரெண்டாவது, நோகாத பக்கம் சரிஞ்சு படுத்து மற்றக் காலைத் தூக்கிறது. பெருவிரல் வானம் பாக்கப்படாது, நேரை முன்னுக்குப் பாக்கவேணும். மூண்டாவது, உயரமான கதிரையிலை இருந்து கையூண்டாமல் எழும்பி இருக்கிறது. ஒவ்வொண்டும் பத்துத் தரம், ரெண்டு நேரம்.

இளையதம்பி: நாலாவது?

கஜந்தினி: தடி. இடப்பக்கம் நோ எண்டால் தடி வலக்கையிலை இருக்கவேணும். எல்லாரும் நொந்த பக்கத்திலைதான் பிடிக்கிறது. அது பிழை. இடது காலும் வலக்கைத் தடியும் ஒண்டாப் போகவேணும்.

இளையதம்பி: இதாலை மட்டுமே காசில்லாமல் ஒரு ஆளைப் பாதி சுகப்படுத்தலாம் போலை.

கஜந்தினி: பலகைக்கட்டையிலை குந்தியிருக்கிறதும், சப்பாணி கட்டி இருக்கிறதும் கொஞ்சக் காலத்துக்கு வேண்டாம். இன்னொண்டு. வேலியைப் பாத்துக்கொண்டு நிண்டு செய்யாதையுங்கோ. எதிரை நிண்டு பாக்கிற ஆளுக்கு வலமிடம் மாறிப்போம். முதுகைக் காட்டிக்கொண்டு செய்யுங்கோ.

இளையதம்பி: அது பழக்கம்தான், பிள்ளை. பதினொரு வருசமா முதுகைத்தானே காட்டுறம்.

*

பராசக்தி: பிள்ளை, நான் இவற்றை மனிசி, பராசக்தி. இவருக்கு என்ன வருத்தமெண்டு கேக்க வந்தனான். மூண்டு கிழமையா, காலமையும் பின்நேரமும் வேலிக்கரையிலை பாயை விரிச்சுக் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறார். சத்தம் போட்டு எண்ணுறார். ஊரே சேந்து எண்ணுது.

இளையதம்பி: ஊர் எண்ணேல்லை.

பராசக்தி: பால்காரன் எண்ணினவன். என்ரை காதாலை கேட்டனான்.

கஜந்தினி: நீங்கள் வீட்டிலை சொல்லேல்லையோ, ஐயா?

இளையதம்பி: வீட்டிலை சொன்னால் விடிய முன்னம் சந்தைக்குப் போயிடும்.

பராசக்தி: சொல்லாட்டி எனக்குத் தெரியாதோ. இடுப்பு நோவெண்டு வாற மனுசன் போன கிழமை முருங்கையிலை ஏறி நிண்டவர். பிள்ளை, நோ வேலிக்கு அங்காலை. அப்பியாசம் வேலிக்கு இங்காலை.

கஜந்தினி: அங்காலை என்ன நடக்குது?

இளையதம்பி: வாசிக்கிறன். முதலாம் நாள், அண்ணை றேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டது. மூண்டாம் நாள், வேலிக்கு ரெண்டு வரிசை தென்னோலைக் கிடுகு கூடக் கட்டினது. எட்டாம் நாள், அந்தப் புதுக் கிடுகிலை ஒரு ஓட்டை. நிலத்திலையிருந்து ஒரு சாண் உயரம்.

பராசக்தி: படுத்துக்கொண்டு பாக்கிற உயரம்.

இளையதம்பி: பத்தாம் நாள், என்னைப் பாத்து அண்ணையின்ரை தடியும் வலக்கைக்கு மாறியிட்டுது.

கஜந்தினி: உண்மையாவோ?

இளையதம்பி: ரெண்டு தரம் பாத்திட்டுத்தான் எழுதினனான். பன்னிரண்டாம் நாள், கிணத்தடிக்குப் போகேக்கை ஒருக்கா மட்டும்தான் நிண்டது.

கஜந்தினி: அது நல்லம். சிரிக்கலாம், ஐயா.

இளையதம்பி: இன்னும் இருக்கு. நான் பத்து எண்ணி முடிக்க, அங்காலை பதினொண்டு, பன்னிரண்டு எண்டு கேக்குது. குரலைத் தாழ்த்தித்தான். நான் பதினஞ்சு எண்ணினன்.

பராசக்தி: அங்காலை பதினேழு. எப்பவும் ரெண்டு கூட.

இளையதம்பி: முந்தநாள் நான் இருபத்தஞ்சு...

கஜந்தினி: நான் பத்தெல்லோ சொன்னனான்?

இளையதம்பி: போட்டியெண்டு வந்தாப் பிறகு பத்திலை நிக்கேலுமோ?

கஜந்தினி: நேற்று அண்ணை எப்பிடி நடந்தவர்? கொப்பியைப் பாக்காமல் சொல்லுங்கோ.

இளையதம்பி: ...கூடச் சாஞ்சது. நாலு தரம் நிண்டது.

கஜந்தினி: பாத்தியளோ. செய்யேக்கை கொஞ்சம் நோகலாம், அது பரவாயில்லை. அடுத்த நாள் விடிஞ்சும் அந்த நோ நிண்டால் அளவு மிஞ்சிப்போச்செண்டு அர்த்தம். தசைநாருக்குப் போட்டி தெரியாது, ஐயா. பாரம் மட்டும்தான் தெரியும்.

பராசக்தி: நான் முதலே சொன்னனான், உவை ரெண்டுபேரும் ஒண்டாச் செய்தால் எதுவும் அடிபாட்டிலைதான் முடியுமெண்டு.

கஜந்தினி: ஒரு கிழமைக்குப் பாயைச் சுருட்டி வையுங்கோ. நீங்கள் நிப்பாட்டினால் அவரும் நிப்பாட்டுவார். நோ இறங்கினாப் பிறகு திரும்ப ஆறு, ஏழிலை துவங்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை மூண்டரைக்கு வாங்கோ.

இளையதம்பி: ஒரு கிழமை விட்டால் வயலைக் குடுத்திடுவாரோ தெரியாது.

கஜந்தினி: இப்பிடியே எண்ணினால் நடக்கவே ஏலாமப் போம். எது நல்லம்?

இளையதம்பி: ...சரி.

கஜந்தினி: இன்னொருக்கா கேக்கிறன். மாசியிலை என்னண்டு விழுந்தவர்? விழுந்த விதம் தெரிஞ்சால் எந்தத் தசை பிடிபட்டிருக்குமெண்டு யோசிக்கலாம்.

இளையதம்பி: விழுந்தவரெண்டு சொன்னனான்தானே.

பராசக்தி: எனக்கும் இவ்வளவுதான் சொன்னவர், பிள்ளை. நான் சத்தம் கேட்டு ஓடிப்போகேக்கை இவற்றை அண்ணை, அத்தார், அங்காலை விழுந்து கிடக்கிறார். இவர் இங்காலை இடுப்பிலை கையை வைச்சபடி குந்திக்கொண்டிருக்கிறார், முகமெல்லாம் வெளிறி. விழுந்தது ஆரெண்டு எனக்கே ஒரு நிமிசம் விளங்கேல்லை.

இளையதம்பி: பஸ் வரப்போகுது. எழும்பும்.

*

கஜந்தினி: உங்கடை முறை நாளைக்கெல்லோ, ஐயா. இண்டைக்கு வியாழன்.

இளையதம்பி: தெரியும், பிள்ளை.

கஜந்தினி: அன்ரி வரேல்லையோ?

இளையதம்பி: நான் இஞ்சை வந்தது அவவுக்குத் தெரியாது.

கஜந்தினி: கொப்பியையும் காணேல்லை.

இளையதம்பி: எழுதுறதுக்கு ஒண்டுமில்லை. நீர் சொன்னபடி சனிக்கிழமையிலையிருந்து பாயைச் சுருட்டி வைச்சன். செவ்வாய்க்கிழமை காலமை சிவதர்ஷனின்ரை ஓட்டோ வந்து அண்ணையை ஏத்திக்கொண்டு போனது. ஆசுப்பத்திரிக்குத் தவிர அவர் ஓட்டோவிலை ஏறுற ஆளில்லை. ரெண்டு மணித்தியாலத்தாலை திரும்பி வந்தது. அதுக்குப் பிறகு முத்தத்திலை அவரைக் காணேல்லை. வேலியிலை இருந்த ஓட்டையும் அடைச்சாச்சு.

கஜந்தினி: சிவதர்ஷனைக் கேட்டுப் பாக்கேல்லையோ?

இளையதம்பி: கேட்டன். எங்கை போனதெண்டு சொல்லவேண்டாமெண்டு அண்ணை சொன்னவராம். நான் அந்த இருபத்தஞ்சை எண்ணியிருக்கப்படாது. இடுப்பு முழுக்கப் பழுதாப் போட்டுதோ?

கஜந்தினி: முதல் இருங்கோ. தண்ணி குடியுங்கோ.

இளையதம்பி: வேண்டாம். சொல்லும், தசைநார் அறுந்தால் பேந்து பொருந்துமோ?

கஜந்தினி: ஒண்டும் அறுகேல்லை. ஒரு ஆளின்ரை கதையை இன்னொரு ஆளுக்கு நான் சொல்லுறேல்லை, ஐயா. அது இந்த அறையின்ரை ஒழுங்கு. ஆனா இதைச் சொல்லச் சொல்லி அவரே கேட்டதாலை சொல்லுறன். அந்த ஓட்டோ இஞ்சைதான் வந்தது.

இளையதம்பி: ...அண்ணையோ? இஞ்சையோ?

கஜந்தினி: நீங்கள் இருக்கிற கதிரையிலைதான் இருந்தவர்.

இளையதம்பி: இடுப்பு என்ன மாதிரி?

கஜந்தினி: பக்கத்துத் தசை நல்லா இளகிப்போச்சு. கூடச் செய்ததிலை கொஞ்சம் கோவிச்சிருக்கு, அவ்வளவுதான். மூட்டு நல்லாயிருக்கு. ஒழுங்காச் செய்தால் விதைப்புக்குத் தடியோடை வரம்பிலை இறங்கலாம். குத்தகைக் கதையை இப்ப எடுக்கவேண்டாமெண்டு சொன்னனான். ஓமெண்டவர்.

இளையதம்பி: ஓமெண்டவரோ?

கஜந்தினி: நிலத்திலை படுத்தெழும்ப வேண்டாம், வீட்டுக்குள்ளை கட்டிலிலை செய்யுங்கோ எண்டதும் நான்தான். அதுதான் முத்தத்திலை காணேல்லை. ஓட்டையும் தேவைப்பட்டிராது.

இளையதம்பி: நான் நினைச்சது சரிதான். போட்டியிலையெண்டாலும் வந்து சேந்திட்டார்.

கஜந்தினி: போட்டியிலை வரேல்லை, ஐயா. தன்ரை இடுப்பைக் காட்டவும் வரேல்லை. அதைப் படுக்கவைச்சுப் பாக்க நான் அரை மணித்தியாலம் கெஞ்சினனான். நீங்கள் இஞ்சை வாறதெண்டு சிவதர்ஷன் சொன்னவனாம். கதிரையிலை இருக்க முன்னமே அவர் கேட்டது உங்களைப் பற்றி.

இளையதம்பி: என்னைப் பற்றியோ?

கஜந்தினி: நாலு நாளாத் தம்பி பாயை விரிக்கேல்லை, எழும்பேலாமக் கிடக்கிறானோ, அவனுக்கு இடுப்பிலை என்ன வருத்தம் எண்டு. நான் சொல்லேலாதெண்டன். அப்ப மாசிக் கதையைச் சொன்னார். ரெண்டுபேரும் ஒரே கதியாலைப் பிடிச்சு இழுத்தியளாம், அவரவர் சொல்லுற இடத்திலை நடுறதுக்கு.

இளையதம்பி: ...ஓம்.

கஜந்தினி: தான் மூர்க்கமா இழுத்துப்போட்டாராம். தான் விழேக்கை நீங்களும் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு குந்தினதைக் கண்டவராம். பேந்து நீங்கள் பாய் போட்டுக் காலைத் தூக்கத் துவங்கின உடனை, அண்டைக்கே உங்கடை இடுப்பு போட்டுதெண்டு நினைச்சிருக்கிறார். நீங்கள் எப்பிடி இருக்கிறியளெண்டு பாக்கத்தான் அந்த ஓட்டை.

இளையதம்பி: அப்ப எண்ணினது? ரெண்டு ரெண்டு கூட...

கஜந்தினி: நான் முன்னாலை போனால்தான் உவன் பாதியிலை விடமாட்டான், சின்னனிலையிருந்தே உவன்ரை குணம் அதுதானெண்டு சொன்னவர். போகேக்கை என்னட்டை ஒரு கேள்வி தந்திட்டுப் போனவர். நான் இழுத்த இழுவையிலைதானோ தம்பிக்கு இடுப்பு போனது, கேட்டுச் சொல்லு பிள்ளை எண்டு. நாளைக்கு மூண்டு மணிக்குத் திரும்ப வாறார். நான் என்ன சொல்லட்டும், ஐயா?

இளையதம்பி: நீர் ஒண்டும் சொல்லாதையும். என்ரை முறையையும் மூண்டுக்கே மாத்திப்போடும்.

கஜந்தினி: வந்து என்ன சொல்லப்போறியள்?

இளையதம்பி: அவர் இழுத்ததிலை ஒண்டுமில்லை, பிள்ளை. என்ரை இடுப்பு நல்லாத்தான் இருக்கு. நான் குந்தினது பயத்திலை. அவர் பலமா இழுக்கிற நேரம் பாத்து, வேணுமெண்டுதான் நான் கதியாலைக் கைவிட்டனான்.